தறிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு குழந்தையின் பேச்சை மதிப்பிடுவது எப்படி

குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் ஸ்பீச் தெரபி செய்கிறவர்களுக்கு இது பழக்கப்பட்ட நிலைமை. நாலு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு அம்மாவும் ஆத்தாவும் (பாட்டி) வருவார்கள். "இன்னும் பேச்சு சரியா வரலைங்க" என்பார்கள். படப் புத்தகத்தை நீட்டினால் பையன் பாதிப் படத்துக்கு வாயே திறக்க மாட்டான். மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு வயதுக் குழந்தையின் அளவுகூடத் தேறாது. மொழி வளர்ச்சித் தாமதம் என்று எழுதி அனுப்ப அரை மணி நேரம் போதும்.

அந்த அரை மணி நேர அறிக்கைதான் எனக்குப் பெரிய வருத்தம். அதைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பம் பல வருடம் அலையும். அந்த எண்ணை எழுதுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் நமக்குத் தெரிந்தாக வேண்டும். இந்தக் குழந்தையின் காதுக்குள் இதுவரை என்ன போய்ச் சேர்ந்திருக்கிறது? அது எந்த மொழியில், யார் வாயிலிருந்து, எந்த வீட்டு வழக்கத்தில் வந்தது? பிஏஎஸ்எல்பி (காது, பேச்சு சிகிச்சைக்கான பட்டப்படிப்பு) முடித்துப் புதிதாக வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்காகவும், பள்ளிகளில் இருக்கும் சிறப்பு ஆசிரியர்களுக்காகவும் நான் செய்கிற முறையை அப்படியே எழுதுகிறேன்.

காதிலிருந்து தொடங்குங்கள்

"காது கேக்குதுங்களா?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும்: "நல்லா கேக்குதுங்க, தட்டு விழுந்தா உடனே திரும்பறான்." அந்த அம்மா பொய் சொல்லவில்லை. எவர்சில்வர் தட்டு சிமெண்டுத் தரையில் விழும் சத்தம் பெரியது. கேட்கும் திறனில் 50 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைவு இருக்கும் குழந்தையும் அதற்குத் திரும்பும். இன்னொரு வகையும் உண்டு. தாழ்ந்த அலைவரிசை (கனத்த ஒலி) நன்றாகக் கேட்கும், உயர்ந்த அலைவரிசை (கீச்சு ஒலி) மட்டும் கேட்காது. அப்படிப்பட்ட குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பும். உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த அலைவரிசையில் இருப்பதால் "கார்த்தி" என்பதில் 'ஆ'வும் 'இ'யும் காதில் விழுந்தாலே தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துவிடும். ஸ், ஷ், ச் போன்ற ஒலிகள் அந்தக் காதுக்குப் போயே சேராது. அவன் பேச்சிலும் அவை இருக்காது.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். தறி நின்றிருக்கும் நேரத்தில், முதுகுப்பக்கமாக நின்று, சாதாரணக் குரலில் பெயர் சொன்னால் திரும்புகிறானா? பக்கத்து அறையில் போன் அடித்தால் தெரிகிறதா? டிவியை எவ்வளவு சத்தமாக வைக்கிறான்? ஒரு வேலை சொன்னால் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகிறானா? சளி பிடித்த வாரம் பேச்சு இன்னும் குறைகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை ஒருபோதும் விடாதீர்கள். "ஆமாங்க, சளி வந்தா சொன்னதே காதுல ஏறாது" என்று அம்மா சொன்னால், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டுகிறதா என்று பார்க்க டிம்பனோமெட்ரி (செவிப்பறையின் அசைவை அளக்கும் பரிசோதனை) கட்டாயம். வளைவு தட்டையாக, பி வகையாக வந்தால் முதல் வேலை ஈஎன்டி டாக்டரிடம் அனுப்புவது. இந்த நீர்க்கட்டு வரும், போகும். இன்றைக்கு நன்றாகக் கேட்கிற குழந்தைக்குப் போன மாதம் கேட்காமல் இருந்திருக்கலாம். ஒரே ஒரு நாள் பரிசோதனையை வைத்துக் காது நார்மல் என்று எழுதிவிட்டால் அந்தப் போன மாதம் நம் கண்ணில் படாமலே போய்விடும்.

குறும்பி அடைப்பு, சீழ், இரண்டையும் ஆட்டோஸ்கோப்பில் (காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவி) பாருங்கள். "காதுல எண்ணெய் காய்ச்சி ஊத்துவீங்களா?" என்பதைத் திட்டுகிற தொனி இல்லாமல் கேளுங்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள், ஊற்றுவதை நிறுத்த மாட்டார்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்விடும் என்று ஒரு படம் வரைந்து காட்டினால் ஆத்தாவே புரிந்துகொள்வார்.

தறி வீட்டுக் காதுகள்

எங்கள் பகுதியில் வீட்டுக்குள்ளேயோ, வீட்டை ஒட்டிய கூடத்திலோ விசைத்தறி ஓடும். அந்தச் சத்தம் சர்வசாதாரணமாக 90 டெசிபலைத் தாண்டும். தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கும் எல்லையே 90தான். ஒரு மீட்டர் தூரத்தில் நாம் சாதாரணமாகப் பேசுவது ஏறக்குறைய 60 டெசிபல். அந்தப் பேச்சு தறிச் சத்தத்துக்குள் முழுகிப்போகும். தூளியில் கிடக்கும் குழந்தைக்கு, அதன் காது எவ்வளவு நன்றாக இருந்தாலும், தறி ஓடுகிற நேரத்தில் அம்மா பேச்சு போய்ச் சேராது. ஆகவே காது நார்மல் என்று ரிப்போர்ட் வந்த பிறகும் வேலை முடிவதில்லை. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தறி நிற்கிறது, அப்போது குழந்தையோடு இருப்பது யார், குழந்தை அந்த நேரத்தில் தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மின்தடை நேரத்தில்தான் வீட்டில் பேச்சே நடக்கிறது என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. சிகிச்சைத் திட்டம் போடும்போது அந்த நேரம்தான் நமக்குக் கிடைத்த பொக்கிஷம்.

தறி ஓட்டுகிறவர்கள் சத்தத்துக்கு மேல் கத்துவதைவிடக் கையாலும் உதட்டசைவாலும் பேசிக்கொள்வார்கள். அந்த வீட்டுக் குழந்தைக்குச் சைகை பழகிய விஷயம், முகத்தைப் படிப்பதும் கைவந்த கலை. இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். "பந்தை எடு" என்று சொல்லும்போது நம் கண் பந்தின் பக்கம் போகும், கை லேசாக நீளும். குழந்தை எடுத்துக் கொடுத்துவிடும். புரிதல் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடுவோம். கையை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்து, ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பிறகு சைகையோடு சொல்லுங்கள். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். சைகை புரிவது குறையல்ல, அது அந்தக் குழந்தையின் பலம். ஆனால் அதைக் காதின் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

அடுத்து நான் சொல்லப் போவதை எந்தப் படிவத்திலும் தனியாகக் கேட்டிருக்க மாட்டார்கள். அம்மாவின் காதையும் பாருங்கள். பத்து, பதினைந்து வருடம் தறி ஓட்டியவரின் ஆடியோகிராமில் (காது கேட்கும் அளவைக் காட்டும் வரைபடம்) 4000 ஹெர்ட்ஸ், அதாவது உயர்ந்த அலைவரிசைப் பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருப்பது இயல்பு. அவருக்கே ஸ், ஷ் ஒலிகள் தேய்ந்துதான் கேட்கும். குழந்தை அந்த ஒலிகளை விட்டுவிட்டுப் பேசினாலும் "தெளிவா பேசறானுங்க" என்பார். அவர் பழக்கத்தில் உரக்கப் பேசுவதால் குழந்தைக்குக் கொஞ்சம் கேட்காமல் இருந்தாலும் வீட்டில் வெளியே தெரியாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் சாதாரணக் குரலில் பேசும்போதுதான் தெரியவரும். நாம் மெல்லிய குரலில் கேட்கும் கேள்விகளில் பாதி அவருக்கு விழாமல், மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டும் இருக்கலாம். எதிரே உட்கார்ந்து, முகம் வெளிச்சத்தில் இருக்கும்படி, ஃபேனைக் குறைத்துவிட்டுப் பேசுங்கள். "நீங்களும் ஒரு தடவை ஹெட்போன் போட்டுப் பாருங்க, பையனும் பயப்படாம போட்டுக்குவான்" என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

எந்த வயதுக்கு எந்தப் பரிசோதனை

இது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தைக்கு ஓஏஇ (ஒலிக்கு உள்காது திருப்பித் தரும் மெல்லிய ஒலியைப் பதிவு செய்யும் பரிசோதனை). ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்துவது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது என்பது உலகம் முழுக்க வைத்திருக்கும் இலக்கு. ஆறு மாதத்திலிருந்து இரண்டரை வயது வரை சத்தம் வந்த பக்கம் திரும்பினால் பொம்மை ஒளிரும் முறை. அதற்கு மேல், சத்தம் கேட்டால் கட்டையைக் கிண்ணத்தில் போடும் விளையாட்டு முறை. எந்த வயதிலும் சந்தேகம் தீராவிட்டால் பெரா (குழந்தை தூங்கும்போது, ஒலிக்குக் கேட்கும் நரம்பில் வரும் மின் அலையைப் பதிவு செய்யும் பரிசோதனை).

இரண்டு எச்சரிக்கை. ஓஏஇ பாஸ் என்ற சீட்டைப் பார்த்ததும் காதை மறந்துவிடாதீர்கள். ஓஏஇ உள்காதின் வெளி மயிரணுக்களை மட்டும்தான் சோதிக்கிறது. கேட்கும் நரம்பில் கோளாறு இருந்தால் ஓஏஇ நன்றாக வரும், பெரா கெட்டிருக்கும். பிறந்தபோது மஞ்சள் காமாலை அதிகமாகி ரத்தம் மாற்றிய குழந்தை, கண்ணாடிப் பெட்டியில் பல நாள் இருந்த குழந்தை, இவர்களுக்கு ஓஏஇ மட்டும் போதவே போதாது. அதேபோல், பெராவில் அலை வரவில்லை என்றால் குழந்தைக்கு ஒன்றுமே கேட்காது என்று பெற்றோரிடம் சொல்லிவிடவும் கூடாது. க்ளிக் ஒலி வைத்து எடுக்கும் பெரா பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதியைத்தான் காட்டும். தாழ்ந்த அலைவரிசையில் கேட்கும் திறன் மிச்சம் இருக்கலாம்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான டெசிபல் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் குறைவிலிருந்துதான் செவித்திறன் குறைந்தவர் என்ற வரையறை தொடங்குகிறது. 70 வந்தால் காது கேளாதவர். 45 டெசிபல் குறைவு இருக்கும் குழந்தை அந்த வரையறைக்குள் வராது. ஆனால் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் டீச்சர் சொல்வதில் பெரும்பகுதியை அது இழந்துகொண்டிருக்கும். சர்டிபிகேட் கிடைக்காதாம், அதனால் ஒன்றும் இல்லையாம் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். அதை அங்கேயே திருத்திவிடுங்கள். மொழி வளர்ச்சியைப் பொறுத்தவரை 20 டெசிபலுக்கு மேல் எதையும் நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

மேசைக்குப் பக்கத்தில் செய்யும் ஆறு ஒலிச் சோதனை

ஆடியோகிராம் கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேச்சு மதிப்பீட்டுக்கு முன் நான் இதைச் செய்துவிடுவேன். டேனியல் லிங் உருவாக்கிய ஆறு ஒலிகள்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். பேச்சில் வரும் தாழ்ந்த அலைவரிசையிலிருந்து உயர்ந்தது வரை இந்த ஆறும் அளந்துவிடும்.

குழந்தை அம்மா மடியில் இருக்கட்டும். கையில் ஒரு கட்டை, முன்னால் ஒரு கிண்ணம். கட்டையைக் காதோரம் பிடித்துக் காத்திருக்கச் சொல்லிக் கொடுங்கள். ஒலி கேட்டதும் போட வேண்டும். முதலில் வாய் தெரியும்படி இரண்டு மூன்று தடவை பழக்குங்கள். அப்புறம் வாயை மறையுங்கள். கையாலோ காகிதத்தாலோ மறைத்தால் ஸ், ஷ் ஒலிகள் அமுங்கிப்போகும். எம்பிராய்டரி போடும் வட்டச் சட்டத்தில் ஸ்பீக்கருக்குப் போடும் மெல்லிய துணியை இழுத்துப் பிணைத்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு உதடு தெரியாது, சத்தம் தடைபடாது. ஒலிகளுக்கு நடுவே ஒரே சீராக இடைவெளி விடாதீர்கள். ஒருதரம் இரண்டு விநாடி, ஒருதரம் எட்டு விநாடி. சீரான இடைவெளியில் சொன்னால் குழந்தை தாளத்துக்குக் கட்டையைப் போட ஆரம்பித்துவிடும். அம்மாவின் கையையும் கவனியுங்கள். ஒலி வந்ததும் தன்னையறியாமல் குழந்தையின் இடுப்பைத் தட்டிக் கொடுத்துவிடுவார். மரப்பலகையில் உட்கார்ந்திருந்தால் நீங்கள் காலை அசைப்பதுகூடக் குழந்தைக்குத் தெரியும். தறி வீட்டுக் குழந்தைகள் அதிர்வை உடம்பாலேயே உணரப் பழகியவர்கள்.

'ஸ்'ஸுக்குத் திரும்பத் திரும்பக் கட்டை விழவில்லை என்றால் பேச்சைப் பற்றி அன்றைக்கு எந்த முடிவுக்கும் வராதீர்கள். முதலில் முழு ஆடியோகிராம்.

காது மெஷின் போட்டிருக்கும் குழந்தை என்றால் இதற்கும் முன்னால் மெஷினைப் பாருங்கள். பேட்டரி இருக்கிறதா, மோல்டில் (காதுக்குள் பொருந்தும் அச்சு) குறும்பி அடைத்திருக்கிறதா, குழாயில் வியர்வை நீர் நிற்கிறதா? ஸ்டெட்டோக்ளிப்பில் (மெஷினின் சத்தத்தை நாம் கேட்டுப் பார்க்கும் குழாய்) நீங்களே கேட்டுப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் வியர்வையால் அடைபட்ட மெஷினோடு வரும் குழந்தைகள் ஏராளம். காக்ளியர் (அறுவை செய்து உள்காதில் வைக்கும் கேட்கும் கருவி) வைத்த குழந்தைக்கு இரண்டு வயதையும் எழுதுங்கள்: பிறந்து எத்தனை வருடம், கருவி ஆன் செய்து எத்தனை வருடம். மூன்று வயதில் ஆன் செய்த நாலு வயதுக் குழந்தை கேட்கத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. இரண்டிரண்டு சொல்லாகச் சேர்க்கத் தொடங்கியிருந்தால் அது நல்ல முன்னேற்றம். நாலு வயது அளவுகோலை வைத்துப் பெற்றோரை அழவைப்பது அநியாயம்.

பெரியவர்களிடம் பேசும் முறை

பெரும்பாலும் குழந்தையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வது ஆத்தாவோ அம்மாயியோதான் (அம்மாவைப் பெற்றவர்). நாற்காலியை முதலில் அவருக்குப் போடுங்கள். அம்மாவிடம் மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் பாதி விவரம் வராது, வீட்டுக்குப் போன பிறகு நம் ஆலோசனையும் நடக்காது. படிவத்தை மேலிருந்து கீழாகப் படிக்காமல், "காலையில கண்ணு முழிச்சதுல இருந்து என்ன செய்வான், சொல்லுங்க" என்று தொடங்குங்கள். பால் கேட்பது எப்படி, சோறு ஊட்டுவது யார், சண்டை போடுவது யாரோடு, எல்லாம் தானாக வரும். குழந்தை நன்றாகப் பேசும் இடம் எது என்பதும் அதில் வரும்.

சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்க வேண்டியிருக்கும். "வீட்டுக்காரர் சொந்தமுங்களா? மாமன் பையனா, அத்தை பையனா, தாய்மாமனா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். முகத்தில் ஒரு சுளிப்பு தெரிந்தாலும் பழி மருமகள் தலையில் போய் விழும். கனெக்சின் 26 போன்ற மரபணுவால் வரும் காது கேளாமையில், பெரும்பாலும் கோளாறான பிரதி அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் குழந்தையிடம் குறை வெளிப்படும். இதை மாமியார் காதில் விழும்படி சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு நாம் செய்கிற பெரிய உதவி அது.

"அவங்கப்பனும் அஞ்சு வயசுலதானுங்க பேசுனான்" என்று ஆத்தா சொல்வார். தட்டிக் கழிக்க வேண்டாம். அது குடும்ப வரலாறு. அப்பாவுக்கு இப்போது காது எப்படி, படிப்பு எப்படி இருந்தது, அவருடன் பிறந்தவர்கள் எப்படி என்று தொடருங்கள். நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவது, சீர்காழி பக்கத்தில் திருக்கோலக்காவில் ஓசைகொடுத்த நாயகி சந்நிதிக்குப் போய் வேண்டிக்கொள்வது, இவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைக்காக அத்தனை தூரம் போய் வந்த குடும்பம் தெரபிக்கும் தவறாமல் வரக்கூடிய குடும்பம். "கோயிலுக்கும் போங்க, இந்த மாசம் பெராவும் எடுத்துடுவோம்" என்றால் போதும். தேன் தடவும் பழக்கம் இருந்தால் மட்டும், ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். அது உடலுக்கு ஆபத்து.

குழந்தை கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள். பெரியவர்கள் முன்னால் வாயாடக் கூடாது என்று வளர்த்த குழந்தை, வெள்ளைக் கோட்டு போட்ட புது ஆள் முன்னால் தலையைக் குனிந்துகொள்ளும். அம்மாவோடு, அண்ணனோடு விளையாடும்போது கண்ணைப் பார்க்கிறதா, ஒன்றைக் காட்டிப் பகிர்ந்துகொள்கிறதா என்று கதவோரம் நின்று கவனியுங்கள். அங்கும் இல்லை என்றால் அப்போது எழுதுங்கள்.

யார் எந்த மொழியில் பேசுகிறார்கள்

எங்கள் நெசவுக் குடும்பங்களில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு, கன்னடம் பேசுகிறவர்கள் உண்டு. நூற்பாலைக்கு வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பங்கள் இருக்கின்றன. "வீட்டில் என்ன மொழி?" என்று கேட்டால் எல்லோரும் தமிழ் என்றே சொல்வார்கள். வெளியாளிடம் அப்படிச் சொல்வதே வழக்கம். ஒரு தாளில் குழந்தையை நடுவில் எழுதி, சுற்றிலும் அம்மா, அப்பா, அவ்வா (பாட்டி), பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், டீச்சர், போன் என்று எழுதி, ஒவ்வொருவரும் குழந்தையிடம் என்ன மொழி பேசுகிறார்கள், குழந்தை எதில் பதில் சொல்கிறது என்று கேளுங்கள்.

சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். தண்ணீருக்குத் தெலுங்கில் "நீள்ளு" என்றும், பூனைக்குக் கன்னடத்தில் "பெக்கு" என்றும், பாலுக்குத் தமிழிலும் சொல்லும் குழந்தைக்கு மூன்று பொருளும் தெரியும். தமிழ்ச் சொல் ஒன்றுதான் என்று எண்ணுவது தவறு. மம்மு, ஜோஜோ, டாட்டா எல்லாமே சொற்கள்தான், அதே பொருளில் திரும்பத் திரும்பச் சொன்னால். யூடியூபில் கேட்டு வரிசையாக ஒப்பிக்கும் ஆங்கில நிறங்களையும் எழுத்துகளையும் தனியாக எழுதுங்கள். வேண்டியதைக் கேட்க அவற்றைக் குழந்தை பயன்படுத்துகிறதா என்பது வேறு கேள்வி.

"ரெண்டு மொழி குழப்புது, தமிழ் மட்டும் பேசுங்க" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. மெஷின் போட்ட குழந்தையாலும் இரண்டு மொழி கற்க முடியும். அந்த அறிவுரையால் நடப்பது என்ன? தமிழ் சரளமாக வராத அவ்வா பேரனோடு பேசுவதையே நிறுத்திவிடுவார். ஏற்கெனவே தறிச் சத்தத்தில் குறைந்துபோன பேச்சு இன்னும் குறையும். இதைவிடக் கொடுமை, மொழிக் குழப்பம் என்று சொல்லிச் சொல்லியே காதுப் பரிசோதனையை ஒரு வருடம் தள்ளிப்போட்ட குழந்தைகள்.

இந்தி, ஒடியா பேசும் குடும்பத்துக்கு அதே மொழி பேசும் பெரியவர் ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வயது அக்காவை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. உதவிக்கு வருபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: குழந்தை சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும், திருத்தக் கூடாது, விடையை எடுத்துக் கொடுக்கக் கூடாது. காது கேளாத பெற்றோரின் குழந்தை வந்தால் சைகை மொழியும் அந்தத் தாளில் ஒரு மொழி. அது தெரிந்தவரை அழையுங்கள்.

எது பிழை, எது வழக்கு

ஆங்கிலச் சோதனையின் வாய்பாட்டை வைத்துத் தமிழ் உச்சரிப்பைத் திருத்தும்போது நடக்கும் அநியாயம் நிறைய. வீட்டில் "மரம்" என்று சொல்லும்போது நாமே கடைசி 'ம்'மை மூக்கொலியாக விட்டுவிடுகிறோம். "அவன் வந்தான்" என்பதும் அப்படித்தான். குழந்தை அதையே செய்தால் இறுதி மெய் விடுபடுகிறது என்று குறிக்கக் கூடாது. "பாலு", "மீனு", "கண்ணு" என்று 'உ' சேர்ப்பது பிழையல்ல. "எலை", "ஒடம்பு", "ஆனை" பிழையல்ல. "வாளப்பளம்" என்று வீடே சொல்லும்போது குழந்தைக்கு மட்டும் 'ழ' வரவில்லை என்று எழுதி ஆறு மாதம் நாக்கை மடிக்கச் சொல்லிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. சென்னைப் பக்கத்துக் குடும்பம் "வாயப்பயம்" என்றால் அதுவும் அந்த வீட்டு வழக்கு. ர, ற வேறுபாடும் அப்படியே. முதலில் அம்மாவை, ஆத்தாவை அதே பத்துப் படத்துக்குப் பெயர் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதுதான் அந்தக் குழந்தையின் அளவுகோல்.

தமிழில் உண்மையாகவே கவனிக்க வேண்டிய இடங்கள் வேறு. படம், பட்டம் வேறுபடுகிறதா? பாடு, பாட்டு? பல், பால்? பல், பள்ளம் என்பவற்றில் ல, ள பிரிகிறதா? வீட்டில் எல்லோரும் பிரிக்கும்போது குழந்தை மட்டும் நாலரை, ஐந்து வயதிலும் ஒற்றையும் இரட்டையும் பிரிக்கவில்லை என்றால் அது கவனிக்க வேண்டிய விஷயம். குறில் நெடில் சரியாக இருந்து ச, ஸ மட்டும் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போயிருந்தால் திரும்ப ஆடியோகிராமை எடுத்துப் பாருங்கள்.

படப் புத்தகத்தை மூடிவிட்டு

பனிமனிதன் படத்துக்குப் பேசாத குழந்தையின் முன்னால் கொஞ்சம் தார்க்குச்சியும் (தறிக்கான ஊடை நூல் சுற்றிய குச்சி; அந்த நூல்தான் தார்) ஒரு நாடாவும் (அந்தக் குச்சியை வைத்துத் தறியில் ஓட்டும் கட்டை) நூல் கூடையும் வையுங்கள். "இது என்ன?" என்று கேட்காதீர்கள். விடை தெரிந்த கேள்வியைப் பெரியவர்கள் கேட்பது பல வீடுகளில் பழக்கமில்லாத விஷயம், குழந்தைக்கு அது மிரட்டலாகவே படும். நீங்கள் பாட்டுக்குக் கூடையில் குச்சிகளை அடுக்கி, ஒன்றைத் தப்பான பக்கம் வையுங்கள். ஒரு பையன் அப்படித்தான் என் கையிலிருந்து பிடுங்கி, "அப்பிடி இல்ல, தாரு தீந்துச்சு, வேற போடணும்" என்றான். படச் சோதனையில் ஒற்றைச் சொல்கூட வராத குழந்தை. அந்த ஒரு வாக்கியத்தில் மறுப்பு இருக்கிறது, இறந்தகாலம் இருக்கிறது, 'வேண்டும்' இருக்கிறது. இப்படி இருபது நிமிடப் பேச்சைப் பதிவு செய்து எழுதிப் பார்த்தால் கிடைக்கும் விவரம் எந்த மதிப்பெண்ணும் தராது.

அப்புறம் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். குழந்தைக்குத் தெரியாத ஒரு பொருளின் பெயரை விளையாட்டுக்கு நடுவே பத்து நிமிடம் பல தடவை சொல்லிவிட்டு, பிறகு கேளுங்கள். எளிதாகப் பிடித்துக்கொண்டால் இதுவரை வாய்ப்பு கிடைக்கவில்லை என்று அர்த்தம். பல விதமாக உதவியும் பிடிபடவில்லை, காதும் சரியாக இருக்கிறது, வீட்டு மொழியிலும் இதே நிலைதான் என்றால், மொழிக் குறைபாடு என்று தயங்காமல் எழுதுங்கள். பண்பாட்டைக் காரணம் காட்டி உண்மையான குறைபாட்டைத் தள்ளிப்போடுவதும் குழந்தைக்குச் செய்யும் துரோகம்தான்.

அறிக்கை

தமிழ்க் குழந்தைகளுக்காகத் தரப்படுத்தாத சோதனையின் மதிப்பெண்ணை எண்ணாக எழுதாதீர்கள். என்ன செய்தீர்கள், குழந்தை என்ன சொன்னது என்று எழுதுங்கள். முதல் பத்தி காது: எந்தத் தேதியில், எந்தப் பரிசோதனை, எந்தக் காதில் என்ன அளவு, அன்று சளி இருந்ததா. இரண்டாவது, மொழிகள். மூன்றாவதுதான் பேச்சு. பரிசோதனை நடந்த அறையில் சத்தம் எவ்வளவு இருந்தது, யார் மொழிபெயர்த்தார்கள் என்பதும் ஒரு வரி.

பெற்றோருக்குத் தனியாக ஒரு பக்கம், தமிழில், பெரிய எழுத்தில். நீர்க்கட்டு இருந்த குழந்தைக்கு மூன்று மாதம் கழித்துக் காதைத் திரும்பப் பார்க்கும் தேதி அதில் இருக்க வேண்டும். தறி நிற்கும் நேரத்தில் யார் குழந்தையோடு உட்கார்ந்து பேசப் போகிறார்கள் என்று அவர்களே சொன்ன பெயரை எழுதுங்கள். ஆர்பிஎஸ்கே (குழந்தைகளுக்கான அரசு நலப் பரிசோதனைத் திட்டம்) திட்டத்தில் மாவட்ட மையத்துக்கு அனுப்புகிறீர்கள் என்றால் எந்தக் கட்டடம், எந்தக் கிழமை, எந்தப் பஸ் என்பதையும் எழுதுங்கள். பெரா எடுக்கப் போகும் குழந்தைக்கு இன்னொரு வரி: முந்தின இரவு தாமதமாகத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பிக் கூட்டி வாருங்கள், பஸ்ஸில் தூங்க விடாதீர்கள்.